தூங்குமூஞ்சிக்குக் காலுறை

இறங்க வேண்டிய நிலையத்தை மைக் அக்கா தவறவிட்டது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்வது அவளுடைய உத்தியோகம். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது, எது தாமதம், எது ரத்து என்று ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு ஊருக்கே சொல்பவள். காய்கறிக் கடையில் நின்று, "தக்காளி அரைக் கிலோ போதும்" என்று அவள் சொன்னால், பக்கத்தில் நிற்கிறவர் திடுக்கிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். ஆளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இவளா அவள் என்று தெரியாமல் குழம்பிப் போவார். சொந்தப் பெயரில் அவளைக் கூப்பிடுகிற பழக்கமே நிலையத்தில் விட்டுப்போயிருந்தது. துப்புரவு செய்கிறவர் முதல் நிலைய அதிகாரி வரை எல்லாருக்கும் மைக் அக்காதான்.

அன்றைக்கு இரவு வேலை முடிந்து, விடியற்காலையில் வீட்டுக்குத் திரும்பும் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள். விழித்தபோது வண்டி கடைசி நிலையத்தில் நின்றிருந்தது. அங்கே அறிவிப்பும் கிடையாது, ஆளும் கிடையாது. ஒரு பெஞ்சு, ஒரு விளக்குக் கம்பம், சுற்றிலும் பால் மாதிரி மூடுபனி. இறங்கி நின்றாள். வாழ்நாளெல்லாம் சத்தத்தின் நடுவில் இருந்தவளுக்கு அந்த அமைதி காதை அடைத்தது.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் பனிக்குள்ளே ஏதோ அசைந்தது. உற்றுப் பார்த்தாள். குதிரைகள். மணல் போட்ட மைதானத்தில் ஒன்றன் பின் ஒன்றாக வட்டமாகப் போய்க்கொண்டிருந்தன. மேலே இருந்தவர்களின் தலைகள் பனியில் கரைந்திருந்தன. குளம்புச் சத்தம் மணலில் அமுங்கி, பக்கத்து அறையில் யாரோ தலையணையைத் தட்டிப் போடுவது போலக் கேட்டது. திரும்பிப் போகும் வண்டி வந்து, நின்று, போய்விட்டது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

வேலியோரம் வந்து நின்றவளைப் பார்த்து, பயிற்சி கொடுக்கிறவர் பக்கத்தில் வந்தார். எல்லாரும் அவரை மாஸ்டர் என்பார்கள். வெயிலில் வெந்து சுருங்கிய முகம், வாயில் எப்போதும் ஒரு வைக்கோல் துண்டு.

"யாரைப் பாக்கணும் மேடம்?"

"யாரையும் இல்ல. சும்மா... ஸ்டேஷனைத் தவற விட்டுட்டேன்."

மாஸ்டர் வாயிலிருந்த வைக்கோலை எடுத்தார். "இந்தக் குரலை எங்கேயோ... நீங்க அந்த மூணாவது நடைமேடை அம்மாதானே? நீங்களே ஸ்டேஷனைத் தவற விட்டுட்டீங்களா?"

அவர் வயிறு வலிக்கச் சிரித்து முடிக்கிற வரைக்கும் காத்திருந்துவிட்டு அவள் கேட்டாள்: "நானும் ஏறிப் பாக்கலாமா?"

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே இன்றுவரை தெரியாது. அப்போது வயது ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. மாடிப்படி ஏறினால் முட்டி முணுமுணுக்கும்.

வீட்டில் இரண்டு பேர். கணவர் ஜன்னல் திரைகள் தைப்பவர். வீட்டின் முன்னறைதான் அவர் கடை. தையல் மெஷினுக்குப் பின்னால் துணிச் சுருள்கள் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். இன்னொருவர் நாத்தனார், ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வார்டு நர்ஸ். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அண்ணன் வீட்டிலேயே இருந்துவிட்டவள். தூங்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் பேசுவாள்.

"குதிரையா? ஏன், ரயில்ல உக்கார இடம் கெடைக்கலியா?" என்றார் கணவர், ஊசியில் நூலைக் கோர்த்தபடி.

"குதிரையிலேர்ந்து விழுந்தவங்க எத்தனையோ பேரைப் பாத்திருக்கேன் அண்ணி," என்றாள் நாத்தனார். "கட்டுப் பிரிச்சதும் டீ கேப்பாங்க, வீட்டுக்குப் போகணும்னு கேப்பாங்க. திரும்ப ஏறணும்னு ஒருத்தர்கூடக் கேட்டதில்ல."

மைக் அக்கா இரண்டு பேருக்கும் சிரித்துவிட்டு, அடுத்த வாரம் கடைசி நிலையத்துக்கு டிக்கெட் எடுத்தாள்.

அங்கே புதுசாகப் பழகுகிறவர்களுக்கென்றே ஒரு சாம்பல் நிறக் குதிரை இருந்தது. பெண் குதிரை. நிற்கும்போது கண் பாதி மூடியிருக்கும், கீழ் உதடு தொங்கும், ஒரு பின்னங்கால் மடங்கியிருக்கும். மாஸ்டர் அதற்கு வைத்த பெயர் தூங்குமூஞ்சி. நாலு வேளையும் கனவில் இருக்கிற அந்தக் குதிரையும் புதுக் கனவொன்றுக்குள் கால் வைத்த அந்த மனுஷியும் எப்படியோ ஒட்டிக்கொண்டார்கள். அவள் வேலியருகே வந்து பேசினால் போதும், பாதிக் கண் முழுக்கண்ணாகும். ஒருநாள் வாசலை அடைத்துக்கொண்டு நின்ற தூங்குமூஞ்சியிடம் பழக்கதோஷத்தில், "தயவுசெய்து ஓரமாக நிற்கவும்" என்று சொல்லிவிட்டாள். குதிரை ஓரமாக நின்றது. கூடவே மற்ற குதிரைகளும், சாணி அள்ளிக்கொண்டிருந்த ஆளும் நகர்ந்தார்கள்.

சில தடவை விழுந்தாள். மணல் மெத்தையாக வாங்கிக்கொண்டது. காலப்போக்கில் நடை வந்தது, துள்ளு நடை வந்தது, ஒரு மழைக்காலக் காலையில் சின்ன ஓட்டமும் வந்தது. அந்த ஓட்டத்தில் காதுக்குள் காற்று புகுந்தபோது, இத்தனை வருஷம் மற்றவர்கள் போகிற இடங்களின் பெயர்களை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தோமே என்று அவளுக்குத் தோன்றியது. கண்ணில் நீர் வந்தது. காற்றினால் என்று மாஸ்டரிடம் சொன்னாள்.

தூங்குமூஞ்சி இப்போதெல்லாம் மாணவர்கள் எவ்வளவு தட்டினாலும் நகர்வதில்லை, வேறு எங்காவது கொடுத்துவிடலாம் என்று மாஸ்டர் ஒருநாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அன்றைக்கு அவள் வீட்டில் சாப்பிடவில்லை. கணவர் காரணம் கேட்டார், சொன்னாள். அவர் மெஷினை நிறுத்திவிட்டு, "சமையல்கட்டுல புது அலமாரிக்குன்னு பணம் சேத்து வச்சிருக்கோம். பழைய அலமாரி என்ன, கீழேயா விழுந்துடுச்சு?" என்றார். தூங்குமூஞ்சி அவளுடையதானது அப்படித்தான்.

சொந்தக் குதிரை ஆனபின் அவளைத் தவிர வேறு யாரும் அதில் ஏறவில்லை. வேலை முடிந்த பிற்பகல்களில் மைதானத்தில் வட்டம் வட்டமாகப் போவார்கள். அப்படி ஒருநாள் இறங்கி, சேணத்தை அவிழ்த்து, காலைத் துடைக்கக் குனிந்தபோது அவள் கை நின்றுவிட்டது. இடது முன்னங்காலின் உட்பக்கம், கணுக்கால் மூட்டில், முடி உதிர்ந்து தோல் கன்றியிருந்தது. நடுவில் கடுகளவு ரத்தம்.

"யாரு உன்னை அடிச்சா?" என்று குதிரையைக் கேட்டாள். அறிவிப்புக் குரல் இல்லை, அவளுக்கே பழக்கமில்லாத ஒரு குரல்.

மாஸ்டர் வந்து பார்த்தார். "யாரும் அடிக்கல மேடம். இதோட வலது குளம்பு இடது கால்ல உரசுது. நாம நடக்கும்போது செருப்பு கணுக்கால்ல இடிக்கும்ல, அந்த மாதிரி. காலுக்கு ஏதாவது மாட்டணும். டவுன்ல கடை இருக்கு, போய்ப் பாருங்க."

அந்தக் கடை ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. கதவைத் திறந்ததும் தோல் வாசனையும் எண்ணெய் வாசனையும் கட்டிக்கொண்டன. சேணங்கள், வார்கள், வாளிகள் எல்லாம் தாண்டி, ஒரு சுவர் முழுக்கக் குதிரைக் காலுறைகள். பட்டை வைத்தவை, பஞ்சு வைத்தவை, வலை போட்டவை, ரப்பர் மணி போல் குளம்பின் மேல் கவிழ்பவை, சுற்றிக் கட்டும் துணிச் சுருள்கள். பின்மதிய வெளிச்சம் ஜன்னல் வழியாக அவற்றின் மேல் சாய்ந்திருந்தது. கால்கள் மட்டும் எங்கோ நடந்து போய்விட, உறைகள் அவற்றுக்காகக் காத்திருப்பது போல இருந்தது. அவள் வந்த வேலையை மறந்து நின்றாள்.

"இது காலைத் தாங்கும், அது அடிபடாம காக்கும். அந்தப் பக்கம் இருக்கிறது தாங்கவும் தாங்கும், காக்கவும் காக்கும்," என்று கடைக்காரர் ஒரே மூச்சில் சொன்னார். "உங்க குதிரைக்கு எந்த அளவு?"

அவளுக்குத் தெரியவில்லை. அளவெடுக்காமல் திரை வாங்க வருகிறவர்களைப் பற்றிக் கணவர் வீட்டில் என்னவெல்லாம் சொல்வார் என்பது நினைவுக்கு வந்தது. வாய் மட்டும், "நடுத்தரம்" என்று சொல்லிவிட்டது.

கை போனது கடல் நீலத்தில் ஒரு ஜோடியிடம். உள்ளே தடிமனாகக் கம்பளி ரோமம். விரலை உள்ளே விட்டால் பூனைக்குட்டியின் வயிறு மாதிரி இருந்தது. இதுதான் என்று மனசு முடிவு கட்டிவிட்டது. கடைக்காரர் மற்ற ஜோடிகளைப் பற்றிச் சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை.

மாட்டிவிட்ட அன்று கணவரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். தூங்குமூஞ்சி கீழே குனிந்து தன் கால்களை மோந்து பார்த்தது. ஓர் அடி எடுத்து வைத்தது. பிறகு முன்னங்காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, சேற்றில் நடக்கிற கொக்கு மாதிரி மெதுவாக இறக்கியது. அடுத்த கால். அடுத்தது. கணவர் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கல்யாண வீட்டுல அடுத்தவங்க செருப்பை மாட்டிக்கிட்டு வந்துட்டா போல!"

கொஞ்ச தூரத்தில் குதிரை அதை மறந்துவிட்டது. மைக் அக்காவுக்கும் நிம்மதி. நீலக் கால்கள் இரண்டும் மணலில் எழுந்து விழுவதைப் பார்த்தாலே அவளுக்கு மிதப்பது போல இருக்கும். வெயில் காலம் வந்தது. ரோமத்துக்குள் மணல் புகுந்தது, வியர்வை புகுந்தது. ஒரு நாள் கழற்றிப் பார்த்தபோது உள்ளே கால் சுட்டது. பழைய காயத்தோடு, விளிம்பு உரசிய இடத்திலும் தோல் சிவந்து வரிசையாகப் புண்.

"இதுக்கு ஏன் இவ்ளோ கவலைப்படறீங்க?" என்றாள் நாத்தனார். "கட்டுப் போடறதுதான் என் பொழப்பே. நாளைக்கு நான் வரேன்."

குதிரையை இருபதடி தூரத்திலிருந்துகூடப் பார்த்திராத அவள், மறுநாள் கை நிறையக் கட்டுச் சுருளோடு லாயத்துக்குள் நுழைந்தாள். பயம் முகத்தில் தெரிந்தது. ஆனால் மண்டி போட்டு உட்கார்ந்து அந்தக் காலைக் கையில் எடுத்ததும் வார்டுக்குள் போய்விட்டாள். "காலைக் கொஞ்சம் தளர்வா விடுங்க. ம், அப்படித்தான். வலிச்சா சொல்லணும், சரியா? ராத்திரி அசைக்கக் கூடாது." குதிரை கண்ணைப் பாதி மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டது. கட்டு பார்க்க அவ்வளவு அழகு, ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையில் மயிரிழை வித்தியாசம் கிடையாது.

மறுநாள் அவிழ்த்தபோது கால் வீங்கியிருந்தது. நடுவில் ஒரு சுற்று இறுகிய இடத்தில் மோதிரம் பதிந்த மாதிரி தடம்.

நாத்தனார் அன்று மாலை முழுக்கப் பேசவில்லை. வீடே காலியானது போல இருந்தது.

கால்நடை டாக்டர் வந்தார். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சேற்றிலும் சாணியிலும் தயங்காமல் உட்காருகிற அம்மாள். விரல்களால் காலை மேலிருந்து கீழாகத் தடவினார். கண்ணை மூடிக்கொண்டு தடவினார், எதையோ வாசிப்பது போல.

"நல்ல வேளை, உள்ள ஒண்ணும் ஆகல. ஓய்வு குடுத்தா வடிஞ்சுடும்," என்றார். பிறகு நாத்தனாரைப் பார்த்து, "நீங்க கட்டினதுல தப்பு இல்லம்மா. மனுஷக் காலா இருந்தா அருமையான கட்டு. இங்க தொட்டுப் பாருங்க. முட்டிக்குக் கீழ சதையே கிடையாது. எலும்பு, வில்லுல இழுத்துக் கட்டின மாதிரி தசைநாண், மேல தோல். அவ்வளவுதான். அழுத்தினா வாங்கிக்கறதுக்கு மெத்தை இல்ல."

நாத்தனார் தொட்டுப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. "இவ்ளோ பெரிய உடம்பு இதுமேலயா நிக்குது?"

"ஆமா. ஓடவும் ஓடுது."

மைக் அக்கா கேட்டாள்: "அப்போ தாங்கற மாதிரி எதை வாங்கணும் டாக்டர்?"

"தாங்கும்னு நம்பி எதையும் வாங்காதீங்க. துணியோ தோலோ வெளியிலேர்ந்து அந்த நாணைத் தாங்கிப் பிடிச்சுடாது. அடிபட்டா அந்த அடியை வாங்கிக்கும், அதுதான் அதோட வேலை. தடியா இருந்தா சூடு ஏறும், சூடு அந்த நாணுக்கு ஆகாது." டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "அதுக்கு முன்னாடி ஒண்ணு பாக்கணும். எப்போ படுது, எங்க படுது? ஆறினதும் வலது குளம்போட உட்பக்கம் நல்லா சாக்பீஸ் தடவிட்டு நடக்க விடுங்க. படற இடத்துல கறை ஒட்டும். அது தெரிஞ்சப்புறம் கடைக்குப் போங்க."

ஓய்வு நாட்களில் அவள் தினமும் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தாள். ஒரு பிற்பகல் வைக்கோல் கட்டின் மேல் சாய்ந்தவள் தூங்கிப்போனாள். கனவில் அவள் கண்ணாடி அறை ஆற்றங்கரையில் இருந்தது. வண்டிகளுக்குப் பதிலாகப் பனியிலிருந்து கால்கள் வந்தன. உடம்பு தெரியாத உயரமான சாம்பல் கால்கள், ஒன்றும் போர்த்தாமல், ஈரமாக. எந்தக் கால் எந்த நடைமேடைக்கு என்று அவள் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. கால்கள் பொறுமையாக நின்றன. அவள் திணறிக்கொண்டே இருந்தாள், கழுத்தில் சூடான மூச்சு பட்டு விழித்துக்கொள்ளும் வரை. தூங்குமூஞ்சி தலையைக் கீழே நீட்டி அவள் தோளிலிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றுகொண்டிருந்தது.

கால் ஆறியதும் கணவர் தன் கடையிலிருந்து துணியில் கோடு போடும் நீலச் சாக்பீஸ் கொண்டுவந்தார். குளம்பில் தடவினார்கள். முதலில் கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். கால் சுத்தமாக இருந்தது. அடுத்து மாஸ்டர் ஏறி, வட்டமாக நடக்கவும் துள்ளவும் விட்டார். சுத்தம். பிறகு மைக் அக்கா ஏறினாள். அதே வட்டம், அதே வேகம். இறங்கிக் குனிந்து பார்த்தாள்.

இடது கணுக்காலின் உட்பக்கம் பளிச்சென்று நீலக் கோடு.

மாஸ்டர் வைக்கோலை வாயின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றினார். அவள் அந்தக் கோட்டை விரலால் தொட்டாள். "நானா? இத்தனை நாளும் நானா?"

"இன்னொரு சுத்து போங்க மேடம். மெதுவா," என்றார் மாஸ்டர்.

வெயில் சாய்ந்திருந்தது. மைதானத்தின் ஒரு பக்கம் தீவன அறையின் நீளமான வெள்ளைச் சுவர். அந்தச் சுவரை நேராக நோக்கித் திரும்பியபோது எதிரே பெரிய நிழல் ஒன்று எழுந்தது. நீளக் கால்கள், ஆடும் வால், மேலே ஓர் உருவம். எத்தனையோ மாலைகளில் அந்த நிழலைப் பார்த்து மயங்கியிருக்கிறாள். இன்றைக்கு உற்றுப் பார்த்தாள். குதிரை நிமிர்ந்து போய்க்கொண்டிருந்தது. மேலே இருந்த உருவம் மட்டும் காற்றடித்த மரம் போல ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அவள் நிமிர்ந்தாள் என்று நினைத்தாள். நிழல் நிமிரவில்லை. உடம்பு முழுக்க வலது பக்கம் விழுந்துவிடுவேன் என்று அலறுகிற அளவுக்குச் சாய்ந்தபோதுதான் சுவரில் நிழல் நேரானது.

குதிரையை நிறுத்திவிட்டு வேலியோரம் நின்ற கணவரைப் பார்த்தாள். "நான் இடது பக்கம் சாஞ்சா உக்காந்திருக்கேன்?"

"அது எப்பவோ தெரியுமே," என்றார் அவர். "ஒரு கொக்கி கழண்ட திரை மாதிரி இருக்கும். குதிரை மேல அப்படித்தான் உக்காரணும் போலன்னு நெனச்சேன்."

"சொல்றதுக்கென்ன?"

"நீ அவ்ளோ சந்தோஷமா போய்ட்டிருந்தே. எதுக்கு வாயைத் திறக்கறதுன்னு விட்டுட்டேன்."

மாஸ்டர் சேணத்தைக் கழற்றி, கால் வைக்கும் அங்கவடிகளின் வார்களைப் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டார். எப்போதும் இடது பக்கமே மிதித்து ஏறி ஏறி இடது வார் ஒரு விரல் அகலம் நீண்டு போயிருந்தது. அதைப் பார்க்காமல் விட்டது தன் பிழை என்று தலையைச் சொறிந்தார். ஆனால் வீட்டுக்குப் போகும் ரயிலில் அவளுக்கு இன்னொன்றும் புரிந்தது. கண்ணாடி அறையில் அவளுடைய மைக் மேஜையின் இடது ஓரத்தில் திருகி வைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு வண்டிக்கும் அவள் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறாள். எத்தனை வண்டிகள்! ஊர் மக்கள் எல்லாரையும் நேராக அனுப்பிவிட்டு அவள் மட்டும் கோணிப் போயிருந்தாள். அழுகை வருமென்று நினைத்தாள், சிரிப்புத்தான் வந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர் இடம் மாறி உட்கார்ந்தார்.

மறுநாள் நிலையத்து மின்வேலைக்காரரைக் கூப்பிட்டு, மைக்கை நடுவில் மாற்றிக் கொடுக்கச் சொன்னாள்.

"இத்தனை வருஷம் கேக்காம இப்ப எதுக்கு மைக் அக்கா?"

"குதிரைக்காக."

அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் திருப்புளியை எடுத்தார்.

மைக் இடம் மாறியது போல உடம்பு மாறிவிடுமா? நாத்தனார் வார்டில் இடுப்புக்கும் முதுகுக்கும் சொல்லிக் கொடுக்கிற பயிற்சிகளைத் தெரிந்துகொண்டு வந்து, தினமும் முன்னறையில் துணிச் சுருள்களுக்கு நடுவே பாய் விரித்து அண்ணியைப் புரட்டி எடுத்தாள். "இழுங்க அண்ணி. இன்னும் கொஞ்சம். குதிரையை நெனச்சுக்கோங்க." தான் போட்ட கட்டால் வந்த வீக்கத்தை மறக்க அவளுக்கும் அது உதவியது. மைக் அக்கா மைதானத்தில் சுவர்ப் பக்கம் வரும்போதெல்லாம் நிழலைப் பார்த்துச் சரி செய்தாள். சில வாரங்கள் நேராக உட்காருவதே கோணலாகத் தோன்றியது. வாரங்கள் மாதங்கள் ஆயின. சாக்பீஸ் கோடு மங்கியது. சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. வேகமாக வளையும்போதும் குதிரை களைத்திருக்கும்போதும் மட்டும் லேசாக ஒரு தீற்றல்.

அந்தத் தீற்றலுக்கு ஒரு காலுறை வேண்டியிருந்தது. கணவர் தானே தைக்கிறேன் என்று திரைத் துணியில் ஒரு ஜோடி தைத்தார். பூ வேலைப்பாடு எல்லாம் வைத்து. தூங்குமூஞ்சி ஒன்றைத் தின்றுவிட்டது.

இந்தத் தடவை அவள் அளவோடு கடைக்குப் போனாள். கணவரின் நாடாவால் முட்டிக்குக் கீழிருந்து கணுக்கால் மூட்டு வரை நீளம், சுற்றளவு, எல்லாம் எடுத்திருந்தாள். நடுத்தரம் அல்ல, சிறியது. கால் பார்க்கத்தான் பெரிசு. நீல ஜோடி இருந்த இடத்தில் இப்போது ரோஜா நிறத்தில் ஒன்று தொங்கியது. கை அந்தப் பக்கம் போனது. பார்த்துவிட்டு, வருடிவிட்டு, விட்டாள். ஒவ்வொன்றையும் தன் முன்கையில் மாட்டி, முஷ்டியால் குத்திப் பார்த்தாள். மடக்கி நீட்டினாள். ஓட்டை வழியாக ஊதி, அந்தப் பக்கம் காற்று வருகிறதா என்று பார்த்தாள்.

"கைக்கா வாங்கறீங்க?" என்றார் கடைக்காரர்.

"காலுக்குத்தான். கால் வாயைத் திறந்து சொல்லாதே."

கடைசியில் எடுத்தது கறுப்பில் ஒன்று. உட்பக்கம் அடி விழும் இடத்தில் மட்டும் கெட்டித் தகடு, மற்ற இடமெல்லாம் மெல்லிசு, காற்றுப் போகச் சிறு துளைகள். சோப்பு டப்பா மாதிரி இருந்தது, அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. மாட்டிவிட்டால் தூங்குமூஞ்சி குனிந்து பார்க்கக்கூட இல்லை. வட்டமாகப் பயிற்சி செய்யும்போது மட்டும் மாட்டுவாள், இறங்கியதும் கழற்றிக் கழுவுவாள், உள்ளங்கையை வைத்துச் சூடு பார்ப்பாள். மைதானத்துக்குப் பின்னாலிருக்கும் ஆற்றங்கரையில் சும்மா நடந்து போகும் நாட்களில் வெறும் கால்தான். அப்படி ஒருநாள் முள் கீறிவிட்டது. மருந்து போட்டாள். அடுத்த நாளும் வெறும் காலோடுதான் போனாள். நாணல்களுக்கு நடுவே ஈரமான அந்தக் கால்கள் எழுந்து தணிவதைக் குனிந்து பார்த்தபடி, எவ்வளவு நேரம் போனாள் என்றே தெரியாமல்.

நாத்தனார் லாயத்துக்கு வருவதை நிறுத்தவே இல்லை. வருவாள், குதிரையின் காலை மேலிருந்து கீழாகத் தடவுவாள், டாக்டர் செய்த மாதிரியே கண்ணை மூடிக்கொண்டு. பேசிக்கொண்டே இருப்பாள். ஒரு காலை, பனி இன்னும் விலகாத நேரம், தடவி முடித்து எழுந்தவள் சேணத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணி, நான் ஏறினா இவளுக்குக் கஷ்டமா இருக்குமா?"

மைக் அக்கா ஆச்சரியத்தைக் காட்டிக்கொள்ளவில்லை. "இருக்காது. வா."

"கால்ல உறை மாட்ட வேண்டாமா?"

"நடக்கத்தானே போறோம். வேண்டாம்."

"இவளுக்கு வேண்டாம், சரி. எனக்கு ஏதாவது மாட்டக் கூடாதா? எலும்பு வார்டுல எனக்குத் தெரிஞ்சவங்க ரொம்பப் பேரு இருக்காங்க. மானம் போயிடும்."

வைக்கோல் கட்டின் மேல் ஏறி, அங்கிருந்து அண்ணியின் தோளைப் பிடித்து, ஒருவழியாக மேலே போய் உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் பிடரியை இறுகப் பற்றிக்கொண்டாள். மைக் அக்கா கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். மைதானத்தைத் தாண்டி, வேலிக் கதவைத் தாண்டி, ஆற்றங்கரை வழியில் பனிக்குள்ளே போனார்கள். பின்னாலிருந்து புலம்பல் வரும், கேள்வி வரும், வார்டுக் கதை வரும் என்று மைக் அக்கா காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. குளம்புச் சத்தமும் மூச்சுச் சத்தமும்தான். பயந்துவிட்டாளோ என்று திரும்பிப் பார்த்தாள்.

நாத்தனார் பிடரியை விட்டிருந்தாள். கைகள் தொடையின் மேல் மல்லாந்து கிடந்தன. கண் பாதி மூடியிருந்தது, கீழே குதிரைக்கும் அப்படியே.

"எறங்கணுமா?" என்று மெதுவாகக் கேட்டாள் மைக் அக்கா.

நாத்தனார் இல்லையென்று தலையை மட்டும் அசைத்தாள்.